பாட்டையா ஆகிவிட்ட கரடி

கானாடுகாத்தான்,
1934, மாசி மாதம்.

மதிப்புக்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

உமையாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். தாங்களும் தங்கள் அச்சுக்கூடத்தாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். என் குழந்தைக் கதை "கப்பலேறிய கரடி"யின் அட்டைப்படம் வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் இந்த வருஷம் புத்தகமே வராது என்று எழுதியிருந்தீர்கள். படம் முடிந்துவிட்டது. ஆனால் அனுப்ப முடியாது. நேற்று முதல் வீட்டில் எல்லோரும் அதை விழுந்து கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கரடி ரங்கூனுக்கு வியாபாரம் செய்யப் போவதால் அதற்குத் தலைப்பாகை, கடுக்கன், சரிகை அங்கவஸ்திரம், கையில் குடை எல்லாம் கொடுத்திருந்தேன். சாயம் காயட்டும் என்று வீட்டின் இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். நான் படம் எழுதுவது இங்கு யாருக்கும் தெரியாது. கோலம் போட்டுப் பழகுவதாக நினைக்கிறார்கள். நேற்று வீட்டில் படைப்பு. காலமான முன்னோர்களுக்கு வேட்டி, சேலை வைத்துப் படைக்கும் நாளாகையால் பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். முதன்முதலில் பர்மாவுக்குக் கப்பலேறிய பாட்டையாவுக்கு ஒரு படம்கூட இல்லையே என்பது வெகுநாளைய குறை. நான் தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் பெரியாத்தா, பாட்டையா படம் கிடைத்துவிட்டது என்று சொல்லிக் கரடிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, மல்லிகைச் சரம் சாத்தி, முன்னால் இளநீரும் வைத்துவிட்டார்.

"மூக்குக் கொஞ்சம் நீளமா இருக்கே," என்றார் அவர் கணவரான பெரியப்பச்சி.

"ஒங்க மூக்கு எங்குட்டிருந்து வந்துச்சுண்டு நெனச்சீக?" என்றார் பெரியாத்தா.

"கையில இம்புட்டு முடியா?" என்று இழுத்தார் குமரப்பன் சித்தப்பா.

"பர்மாவுல ஓயாத மழை. குளிருக்கு வளந்திருக்கும்," என்றார் பெரியாத்தா.

சித்தப்பா சட்டைக் கையை ஏற்றித் தம் கையைப் பார்த்தார். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதன்பின் வந்தவர்களெல்லாம் தங்களிடம் கரடியின் சாயலைத் தேடி எடுத்து, காது எங்கள் வழிக்குத்தான் வந்தது, இல்லை எங்கள் வழிக்குத்தான் என்று சச்சரவாகி, இரண்டு வீட்டுக்காரர்களுக்குள் இப்போது பேச்சுவார்த்தை இல்லை. இந்த நிலையில் அது கரடி என்று நான் எப்படிச் சொல்வது? சொன்னால் எழுதியது யார் என்று கேட்பார்கள். தெரிந்தால் என் சாயக் கிண்ணங்களில் மறுநாளே மாவடு ஊறும். ஆகவே கரடியை விட்டுவிடுங்கள். அட்டையில் குடையை மட்டும் போட்டு, "கப்பலேறிய குடை" என்று பெயரை மாற்றிக்கொள்ளலாமா? கரடி தேன் குடிக்கும் கட்டத்தைக் குடைக்கு ஏற்றபடி நான் திருத்தித் தருகிறேன்.

தங்கள் இல்லத்துக் குழந்தைகள் நிறைய மிட்டாய் தின்றும் பல்வலி இல்லாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உமையாள்

பி.கு.: மேலே எழுதியது எதையும் கணக்கில் கொள்ள வேண்டாம். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பெரியாத்தா வந்து படத்தை என் மடியில் வைத்தார்.

"பங்காளிக போயிட்டாக. இந்தா, அனுப்பு."

"பெரியாத்தா, அது வந்து..."

"இத்தன வருசமா ஒங்க பெரியப்பச்சியோட குடும்பம் நடத்துறேன். எனக்குக் கரடி தெரியாதா? அச்சடிச்சு முடிச்சதும் பத்திரமாத் திருப்பி அனுப்பச் சொல்லு. வர்ற படைப்புக்குப் பாட்டையா பொண்டாட்டிக்கும் ஒரு படம் வேணும். அவுக நல்ல ஒல்லியாம்."

படம் இத்துடன் வருகிறது. அடுத்த புத்தகத்தின் கதாநாயகி ஒரு கொக்கு.