முதுகு வரைந்த கரடி

ஒரு காட்டில், விறகு பொறுக்கப் போகாமல் தப்பிப்பதற்காகவே படம் வரையும் கரடி ஒன்று இருந்தது. பெயர் கும்பையா. நன்றாக வளர்ந்து, நெஞ்சில் வெள்ளைக் கோடு விழுந்த கரடிதான். தாய் சடைச்சியோடு ஒரு குகையில் இருந்தான்.

விடிந்ததும் சடைச்சி குரல் கொடுப்பாள்: "டேய் கும்பையா, அடுப்புக்கு ஒரு சுள்ளி இல்ல. போய் நாலு பொறுக்கிட்டு வா."

அந்தக் குரல் காதில் விழுந்த நொடியே கும்பையாவுக்குக் கை பரபரக்கும். கரித்துண்டை எடுத்து மரப்பட்டையில் கோடு இழுக்க ஆரம்பித்துவிடுவான்.

"இரும்மா, இப்பத்தான் வந்திருக்கு. விட்டா போயிரும்."

எது வந்தது, விட்டால் எங்கே போகும் என்று சடைச்சி ஒருநாளும் கேட்டதில்லை. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தானே கிளம்பிவிடுவாள். குகை வாசலில் உட்கார்ந்திருக்கும் கும்பையாவின் கண்ணுக்கு நேரே இருப்பது அப்போது அவள் முதுகுதான். வேறு எதையாவது பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு அந்த முதுகையே வரைந்தான். ஏழு வருஷத்தில் நூறு முதுகுக்கு மேல் சேர்ந்துவிட்டது.

எனக்குத் தெரிந்து மனிதக் கலைஞர்களில் இப்படி ஒருவரும் இல்லை. அதனால்தான் கரடியை வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் வனக் கலை மன்றம் ஒரு கண்காட்சி அறிவித்தது. நாவல் மரத்தடியில் விண்ணப்பம் வாங்கினார்கள். கவுன்டரில் கீரி. வரிசை ஓடைவரை நீண்டிருந்தது. அரை நாள் நின்று கும்பையா முன்னால் வந்து சேர்ந்தபோது, கீரி அவன் கொண்டுவந்த படங்களைப் புரட்டிவிட்டு, படிவத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது.

"ஏழாவது கட்டம் காலியா இருக்கே தம்பி. 'உங்கள் படைப்புக்கு உந்துதல் எது?' எழுதலையா?"

"நான் சும்மா வரையறதுதாங்க."

"சும்மா வரையறவங்களுக்குத் தனிக் கவுன்டர். இன்னும் திறக்கல."

"அப்ப மழைன்னு போட்டுக்கங்க."

"மழையை மயில் எடுத்தாச்சு. ஒரு உந்துதலை ஒருத்தருக்குத்தான் குடுப்போம்."

"தனிமை?"

"கொக்கு."

"மௌனம்?"

"அதுவும் கொக்குதான். ஒண்ணுதான் எடுக்கலாம்னு சொல்றேன், வாயத் திறக்கவே மாட்டேங்குது."

"பிரபஞ்சம் இருக்குங்களா?"

"ஆமை. முந்தின நாளே கிளம்பி வந்து வரிசையில நின்னுச்சு."

பின்னால் நின்ற காட்டுப்பன்றி இடிக்க ஆரம்பித்தது. கும்பையாவுக்கு வியர்த்தது. "மிச்சம் என்னங்க இருக்கு?"

கீரி பதிவேட்டைப் புரட்டியது. "பொறாமை இருக்கு. அம்மாகிட்ட வேலைக்குக் கள்ளம் போடுறது இருக்கு. ரெண்டையும் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல." கும்பையா தரையைப் பார்த்தான். கீரி இன்னொரு பக்கத்தைத் திருப்பியது. "அட, இது இருக்கே! தாயின் மறைவு. ரொம்ப நல்ல அயிட்டம் தம்பி. உங்க படத்துக்கும் ஒத்துவருது. எல்லாத்துலயும் ஒரு அம்மா போய்க்கிட்டே இருக்காங்க பாருங்க."

காட்டுப்பன்றி மறுபடி இடித்தது.

"சரி, போடுங்க" என்றான் கும்பையா. கீரி டப்பென்று முத்திரை குத்தியது.

கண்காட்சியன்று நடுவராக வந்த யானை, கும்பையாவின் மூன்றாவது படத்துக்கு முன்னால் நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பிறகு சத்தமில்லாமல் அழுதது. யானை அழுதால் கூட்டம் சும்மா இருக்குமா? மான்கள் அழுதன. நரி தொண்டையைச் செருமிக்கொண்டது. ஆளாளுக்கு வந்து கும்பையாவின் தோளைத் தட்டி, "மனசத் தேத்திக்கப்பா" என்றார்கள். நாற்பது பேர் தேற்றியபிறகு கும்பையாவுக்கே அம்மா இல்லாத மாதிரி அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே அம்மா.

காலையில் சாப்பிடாமல் போய்விட்டானே என்று, இலுப்பைப் பூவை இலையில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள் சடைச்சி. அவளுக்கு எழுத்து தெரியாது. பக்கத்தில் நின்ற முயலிடம், "அந்தப் பலகையில என்னய்யா எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

முயல் உருக்கமாக வாசித்தது: "இவ்வோவியங்கள் யாவும், என்னைத் தனியே விட்டு மறைந்த என் தாயின் நினைவில் பிறந்தவை."

சடைச்சி படங்களுக்குப் பக்கத்தில் போனாள். படங்களைப் பார்த்தாள். அவள் முதுகை அவள் பார்த்ததே இல்லை. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஒரு படத்தில் சுமை பெரிதாக இருந்தது, இன்னொன்றில் நடை தளர்ந்திருந்தது. எந்த மழைக்காலம், எந்த வருஷம் என்றுகூட அவளால் சொல்ல முடிந்தது. இவன் இத்தனையும் பார்த்துக்கொண்டுதானா உட்கார்ந்திருந்தான் என்று நினைத்தாள். அது சந்தோஷமா கோபமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அதற்குள் கீரி வந்துவிட்டது. படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. "அம்மா, நீங்க யாரு?"

கும்பையா யானைக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தான். பொய் விண்ணப்பம் என்று தெரிந்தால் பட்டையைக் கிழித்துக் காட்டைவிட்டே துரத்திவிடுவார்கள்.

சடைச்சி மகனை ஒரு பார்வை பார்த்தாள். "நான் செத்துப்போனவளோட அக்கா" என்றாள்.

கூட்டம் அவளையும் சூழ்ந்துகொண்டது. அவள் சாவுக்கு அவளே ஆறுதல் வாங்கிக்கொண்டாள். இலுப்பைப் பூவையும் அவளே தின்றுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

கும்பையாவுக்கு முதல் பரிசு. கழுத்தில் மாலையோடு குகைக்கு வந்தான். அடுப்பு எரியவில்லை. சடைச்சி அவனைப் பார்த்தபடி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, சாப்பாடு?"

"செத்தவ எப்பிடிடா சமைப்பா?"

மறுநாள் விடிந்தது. யாரும் அவனை எழுப்பவில்லை. யாரும் விறகு கேட்கவில்லை. பசித்ததால் அவனே எழுந்து போய் விறகு பொறுக்கினான், அடுப்பு மூட்டினான், கிழங்கு சுட்டு அம்மாவுக்கும் வைத்தான். அவள் மறுக்காமல் சாப்பிட்டாள்.

அந்த வாரம் பக்கத்துக் காட்டிலிருந்து அழைப்பு வந்தது. பௌர்ணமிக்குள் இருபது புதுப் படம் வேண்டும். கும்பையா கரித்துண்டை எடுத்து வாசலில் உட்கார்ந்தான். கை பரபரக்கவில்லை. சரி, முகத்தையாவது வரைவோம் என்று அம்மாவைப் பார்த்தான். மூக்கு எங்கே தொடங்குகிறது என்றே புரியவில்லை. அருவிக்குப் போய் மூன்று நாள் கண்ணை மூடி உட்கார்ந்தான். சளி பிடித்தது. மயிலிடம் போய் மழையைக் கொஞ்சம் இரவல் கேட்டான். அது தோகையை மடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

கடைசியில் தாங்க முடியாமல் யானையிடம் போய் விழுந்தான். "ஐயா, என் அம்மா உயிரோட இருக்காங்க. கண்காட்சியில அக்கான்னு வந்தது அவங்கதான். நான் விறகுக்குப் போகாம இருக்கத்தான் படமே வரைஞ்சேன். பரிசைத் திரும்ப எடுத்துக்கங்க."

யானை காதை ஆட்டியது. "நான் என்ன உன் அம்மாவுக்கா அழுதேன்? என் அம்மாவுக்கு அழுதேன். நானும் ஒருநாள் அவளுக்கு ஒரு கிளையை ஒடிச்சுக் குடுத்ததில்ல. பரிசு உங்கிட்டயே இருக்கட்டும், நீ போய் உன் அம்மாகிட்ட பேசு."

கும்பையா ஓட்டமாக ஓடிவந்து சடைச்சியின் காலைப் பிடித்தான். "அம்மா, தப்புதாம்மா. உன்ன சாகடிச்சுட்டேன். நீ பேசாம இருந்தா எனக்கு ஒரு கோடுகூட வரமாட்டேங்குது. ஏதாவது ஒரு வேலை சொல்லும்மா."

சடைச்சிக்குக் கண் கலங்கியது. எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை! மகன் தலையைத் தடவிக்கொடுத்தாள். "எந்திரிடா. அடுப்புக்கு ஒரு சுள்ளி இல்ல. போய் நாலு பொறுக்கிட்டு வா."

"இதோ போறேம்மா!" என்று கும்பையா துள்ளி எழுந்தான். கயிற்றை எடுக்கக் கையை நீட்டினான். அந்தக் கை பரபரத்தது.

"அம்மா, ஒரு நிமிஷம். வந்திருச்சு."

சடைச்சி அவனைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தாள். பத்தடி போயிருப்பாள். பின்னாலிருந்து கும்பையாவின் குரல் கேட்டது:

"அம்மா, கொஞ்சம் மெதுவா போ. வெளிச்சம் இப்பத்தான் சரியா விழுது!"

நீதி: வீட்டில் ஒரு வேலை மிச்சமிருக்கும்வரை கலைக்கு அழிவில்லை. இந்தக் கதையை நான் எழுதி முடிப்பதற்குள் என்னை அரைத்துவரச் சொன்ன மாவைக்கூட வீட்டில் யாரோ அரைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.