மூச்சுச் சிக்கனத் திட்டம்

உலகம் தோன்றிய நாள்முதல் மனிதன் காற்றை வீணடித்துக்கொண்டுதான் இருக்கிறான். இழுப்பதும் விடுவதுமான இந்த ஊதாரித்தனத்துக்கு முடிவு கட்ட, ஒரு விளையாட்டுப் பயிற்சி மையத்தின் இயக்குநர் அவதரிக்க வேண்டியிருந்தது.

அவதரித்தவர் சும்மா இருக்கவில்லை. பிராணவாயு குறைந்த அறை ஒன்றைக் கட்டினார். மலை உச்சியில் காற்று எப்படி மெலிந்திருக்குமோ அப்படியே உள்ளேயும் இருக்கும். அதில் ஓடிப் பழகினால் ரத்தம் ஊறும், தெம்பு கூடும் என்றார்கள். நல்ல உடம்புக்கு மட்டும்தான், அதுவும் அளவோடு என்று அறைக்கான இயந்திரத்தை விற்றவர்கள் ஒரு வார்த்தை சொன்னார்களாம். விற்கிறவன் ஆயிரம் சொல்வான். எல்லாவற்றையும் காதில் போட்டுக்கொண்டால் மையம் நடத்த முடியுமா?

அந்த நேரம் பார்த்து வைரஸ் காய்ச்சல் மையத்துக்குள் புகுந்து, ஒருவர் விடாமல் படுக்கவைத்தது. நானூறு மீட்டர் ஓடும் பெண்ணுக்குக் காய்ச்சல் விட்டும் இருமல் விடவில்லை. மாடிப்படி ஏறினால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. இயக்குநர் உடனே கூட்டம் கூட்டினார். திட்டத்துக்கு 'நோய் எதிர்ப்புச் சக்தி மீட்பு' என்று பெயர் சூட்டினார்கள். காய்ச்சலிலிருந்து எழுந்த வீரர்கள் தினமும் அந்த அறையில் ஓட வேண்டும், ஓடாதவர் பெயர் தேசிய அணித் தேர்வுக்குப் போகாது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நிறைவேற்றியவர்களில் ஓடுகிறவர் ஒருவரும் இல்லை. தேர்வு அடுத்த மாதம். அதற்காகத்தான் அந்தப் பெண் பள்ளிக்கூட நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.

ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று விரலில் மாட்டிய கருவி காட்டும். அந்த எண் இறங்க இறங்க, சுவரில் தொங்கிய வரைபடத்தில் 'முன்னேற்றம்' ஏறிக்கொண்டே போனது. இறங்கினால்தான் அறை நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தமாம். எண் அதிகம் இறங்காத குத்துச்சண்டைக்காரன் ஒருவனுக்கு, ஒத்துழைக்கவில்லை என்று எச்சரிக்கை கொடுத்தார்கள். ஓட்டக்காரிதான் முதலிடம். கண் இருட்டிக்கொண்டு டிரெட்மில்லிலேயே அவள் சரிந்த அன்று கைதட்டல்கூடக் கிடைத்தது.

பயிற்சியாளர்தான் அவளைத் தூக்கி உட்காரவைத்தார். பாவம், நல்ல மனுஷன்தான். வேலை போய்விடுமே என்ற பயமும் உண்டு. நீயே போய்ப் பேசம்மா, நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதே என்று காதோடு காதாகச் சொன்னார்.

இயக்குநர் அறைக்குப் போனாள். ஜன்னலெல்லாம் அகலத் திறந்திருந்தது. தோட்டத்துக் காற்றில் மேசைமேல் காகிதங்கள் படபடத்தன. இரண்டு வாரம் ஓய்வு வேண்டும், பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. ஓய்வு என்பது பழைய காலத்து வைத்தியம், விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"உங்களுக்கும் அதே காய்ச்சல்தானே சார் வந்துச்சு? நீங்க ஒரு நாள்கூட அந்த ரூமுக்குள்ள வரலையே?"

இயக்குநர் நாற்காலியை ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

"என்னால எப்படிம்மா முடியும்? உடம்பு இன்னும் தேறல. நல்லா காத்தோட்டமா உக்காரணும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்காரு. போறப்ப கதவை மூடிடாத, எனக்கு மூச்சு முட்டும்."