கால்தான் ஜூம் என்று சொன்ன மைத்துனனுக்கு

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரனாகிய தையல்காரன் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா நலம். நானும் நலம்தான், காதுக்குள் மட்டும் கொஞ்சம் ஏரித் தண்ணீர் பாக்கி இருக்கிறது. அங்கே நீயும் உன் வீட்டாரும் நனையாமல் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் அக்கா ஐம்பது வயதில் கயாக் படகுச் சங்கத்தில் சேர்ந்து துடுப்பைக் கையில் எடுத்தது உனக்குத் தெரியும். ஏரியைக் குறுக்கே கடந்தவர்களின் படத்தையெல்லாம் சங்கத்துச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். உன் அக்கா மூன்று முறை கடந்தும் அவள் பெயருக்கு மேலே வெறும் ஆணிதான். காரணம் நான். நான் எடுத்த படங்களில் ஒன்றில் அவள் முதுகு, ஒன்றில் துடுப்பு, ஒன்றில் செயலாளர் அம்மாளின் தொப்பி. "இந்த ஞாயித்துக்கிழமையும் என் மூஞ்சி வரலைன்னா, செயலாளர் வீட்டுக்காரரையே எடுக்கச் சொல்லிடறேன்" என்றாள். இவளுக்கு முப்பது வருஷமாக ரவிக்கை தைத்தவன் நான், படம் மட்டும் வேறொருவர் எடுப்பதா? மானம் கப்பலேறாதா?

அதனால்தான் உன்னிடம் யோசனை கேட்டுத் தொலைத்தேன். "பிரைம் லென்ஸ் வாங்குங்க அத்தான். விலையும் கம்மி, எடையும் கம்மி. ஜூம் மட்டும் கிடையாது. அதனால என்ன, நம்ம கால்தான் ஜூம். கிட்ட வேணும்னா ஒரு அடி முன்னால வைங்க" என்றாய். வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். லென்ஸ் கடைக்காரர் முப்பத்தைந்து, ஐம்பது, எண்பத்தைந்து மில்லிமீட்டர் என்று மூன்றைப் பரப்பினார். அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைக்காதவன் நான். உன் அக்காவைக் கடை வாசலில் முக்காலியில் உட்காரவைத்து, துடுப்புக்குப் பதில் துடைப்பத்தைக் கொடுத்து, இஞ்ச் டேப்பால் பத்தடி அளந்து பார்த்தேன். முப்பத்தைந்தில் பக்கத்துக் கடைக்காரரும் அவர் சைக்கிளும் சேர்ந்து வந்தார்கள். எண்பத்தைந்தில் துடைப்பத்தின் இரண்டு முனையும் வெளியே போய்விட்டன. ஐம்பதில் உன் அக்கா இடுப்புவரை, துடைப்பம் சகிதம், தைத்துப் போட்டதுபோல் கச்சிதம். மூன்றில் மலிவும் அதுதான். "இதையே கட்டுங்க" என்றேன்.

ஆனால் ஏரிக்கு இஞ்ச் டேப் தெரியவில்லையே! நான் ஒரு கயாக்கில், அவள் ஒரு கயாக்கில். பத்தடி இருபதாகிறது, இருபது ஐந்தாகிறது, காற்று என்னைப் பம்பரமாகச் சுற்றுகிறது. கடைசியில் அக்கரைக்குக் கொஞ்சம் முன்னால் அவள் திரும்பினாள். முகத்தில் வெயில், வாயெல்லாம் சிரிப்பு. கொஞ்சம் கிட்ட இருந்தால் தேவலை. நீ சொன்னபடி எழுந்து ஓர் அடி முன்னால் வைத்தேன்.

கயாக்கில் நடந்து போகப் பார்த்த முதல் ஆள் நான்தான் என்று செயலாளர் அம்மாள் சொன்னார். படகு ஆடியது, உன் அக்கா இரண்டே வீச்சில் பக்கத்தில் வந்தாள், கையை நீட்டினாள், பிடித்தாள். எதை? கேமராவை! தாலி கட்டியவன் மிதவைச் சட்டையில் பூசணிக்காய்போல் மிதக்கிறேன், அவள் கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறாள். மனசு விட்டுப்போச்சு மச்சான். இந்தப் பார்சலில் அந்த லென்ஸை உனக்கே அனுப்புகிறேன், நீயே வைத்துக்கொள். இனி செயலாளர் வீட்டுக்காரரே எடுக்கட்டும்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்கும்தான், கொஞ்சம் குறைத்து.

இப்படிக்கு,
ஈரம் காயாத அத்தான்

பின்குறிப்பு: பார்சல் கட்டுமுன் கேமராவைத் திறந்து பார்த்தேன். விழும்போது விரல் அழுத்தியிருக்கிறது. ஏரியும் கரையும் கலங்கிப்போய், உன் அக்கா முகம் மட்டும் முடி முடியாகத் தெரிகிறது. "என்னங்க!" என்று கத்துகிறாள். அவள் கை கேமராவைத் தாண்டி என் காலரை நோக்கித்தான் வருகிறது. நடுவில் கேமரா வார் அவள் விரலில் சிக்கியிருக்கிறது, அவ்வளவுதான். காட்டினேன். "இப்பவாவது நல்லா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆணியில் படம் ஏறிவிட்டது. எனவே பார்சலில் லென்ஸைத் தேடாதே. உனக்கு ஒரு சட்டை இருக்கிறது. காலருக்கு மட்டும் இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். உன் மனைவிக்கும் ஒருநாள் பிடித்து இழுக்க வேண்டிவரும்.