திரைக்குப் பின்னால் மத்தியாஸ் மச்சான்

என் அக்கா அகதாவுக்கு நடந்த அநீதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து சனிக்கிழமையாக விடாமல் பார்த்து வந்த தொடர்படத்தின் கடைசிப் பாகத்தை அவள் பார்க்கக் கூடாது என்று ஆகிவிட்டது. அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை. குற்றவாளி, அவளைக் கட்டிக்கொண்ட மத்தியாஸ் மச்சான். சாட்சி நான். காரணம், ஒரே ஓர் இங்கிலீஷ் எழுத்து.

ஈப்போவில் தகரக் கூரை போட்ட படக்கொட்டகை அது. படம் பேசாது. நடுநடுவே இங்கிலீஷில் நாலு வரி எழுத்து வரும். திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு நிற்கிற உடையப்பன் அதை உரக்கப் படித்து, உடனே தமிழிலும் சொல்லுவார். அன்றைக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் மலையுச்சியிலிருந்து கயிற்றில் தொங்குகிறாள். மேலே முகமூடிக்காரன் நின்று சிரிக்கிறான். அவன் யார் என்று பத்து வாரமாக ஊரே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. திரையில் எழுத்து வந்தது. உடையப்பன் பிரம்பை உயர்த்தினார்.

"தி கினாட் இஸ் கிவிங் வே! அய்யய்யோ தாய்மாரே, நம்ம தங்கச்சிக்குக் கட்டின முடிச்சு அவுருதே!"

கொட்டகையே நெஞ்சில் கை வைத்தது. மத்தியாஸ் மச்சான் மட்டும் நாற்காலிமேல் ஏறினார்.

"நாட்! கினாட் இல்லை, நாட்! கே சைலண்ட்!"

"முதல்ல நீ சைலண்டா உட்காருலா!" என்றது பின் பெஞ்சு.

"போன வாரம் ஐலண்டை இஸ்லாண்டுன்னான், பொறுத்துக்கிட்டேன். கர்னலைக் கொலோனல்னான், பொறுத்துக்கிட்டேன். இப்படி இங்கிலீஷைக் கொலை பண்றவனைப் பத்துகாஜா ஜெயிலுக்குத்தான் அனுப்பணும்!"

அவர் எதையும் பொறுத்துக்கொள்ளவில்லை. இஸ்லாண்டுக்கும் கத்தினார், கொலோனலுக்கும் கத்தினார். அன்றைக்குப் படத்தையே நிறுத்திவிட்டார்கள். விளக்கு எரிந்தது. கொட்டகை முதலாளி, சீனத் தவுக்கே, பனியனோடு ஓடி வந்தார்.

"தக் போலே! இந்த ஆளு இனிமே படத் துணிக்கு முன்னாலே உட்காரத் தக் போலே!"

கூடவே கூடாதாம். எங்கள் மூவரையும் வெளியே அனுப்பினார்கள். அந்தப் பெண் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தாள்.

நான் கேட்கிறேன்: மலையில் தொங்குகிறவளுக்கு எது முக்கியம்? முடிச்சா, முடிச்சுக்கு முன்னால் நிற்கிற கே-யா?

மச்சான் ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீசில் கிளார்க்கு. காலையில் இங்கிலீஷ் பேப்பரையும் சிவப்புப் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்காருவார். அக்கா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவர்க் கண்ணாடி முன்னால் தலை வாருவாள்.

"பாரு அகதா, 'டிஸ்கஸ் அபவுட்'னு போட்டிருக்கான். டிஸ்கஸுக்கு அபவுட் வருமா? 'ரிட்டர்ன் பேக்'காம். ரிட்டர்ன்னாலே திரும்பி வாரதுதானே, அப்புறம் என்ன பேக்கு?"

அவர் எழுந்து போகும்போது அந்தப் பேப்பருக்கு அம்மை போட்டிருக்கும்.

"எல்லாத்துக்கும் காரணம் இவனுங்க ப்ரொனவுன்சியேஷன்" என்று முடிப்பார்.

நான் மதராஸில் காலேஜ் படிக்கிறேன். விடுமுறைக்குக் கப்பலேறி வந்த மறுநாளே இதைக் கேட்டேன். வாய் சும்மா இருக்குமா?

"மச்சான், அது ப்ரொனன்சியேஷன்."

"அது மதராஸ் இங்கிலீஷ்" என்றார் மச்சான், தலையைத் தூக்காமல்.

இதைக்கூட மன்னிக்கலாம். அக்காவுக்கு அவர் செய்ததைத்தான் மன்னிக்க முடியாது. அக்கா கான்வெண்டில் நாலாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஆனால் மச்சான் நாற்காலிமேல் ஏறுகிற அமளியில், அவள் பாதி வரி போவதற்குள் திரையில் எழுத்து மறைந்துவிடும். உடையப்பன் சொல்லுவதைக் கேட்கலாம் என்றால், மச்சான் திருத்துகிற சத்தத்தில் அதுவும் காதில் விழாது.

"என்னங்க, என்ன போட்டிருந்துச்சு?" என்று கேட்பாள்.

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போது கேட்பாள்.

"காலையில சொல்றேன்."

காலையில் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வரும். "என்ன, இன்னுமா அதையே நெனைச்சுக்கிட்டு இருக்கே?"

பத்து வாரமும் இதே மூன்று பதில்தான். இப்போது கடைசிப் பாகத்துக்கே வழியில்லை.

"தடை உங்களுக்குத்தானே மச்சான்? அக்காவும் நானும் போயிட்டு வாரோம்" என்றேன்.

"குடும்பத் தலைவன் போக முடியாத இடத்துக்குக் குடும்பம் போகுமா?"

"அப்ப நாங்க போக முடியாத உங்க ஆபீசுக்கு நீங்க மட்டும் ஏன் போறீங்க?"

"அது உத்தியோகம்."

"கோயில் மாதர் சங்கத்துக்கு அக்கா போறாங்களே? அங்கே உங்களை விடுவாங்களா?"

"அது ஜெபம்."

"இது படம். அவ்வளவுதானே வித்தியாசம்?"

"ஆம்பளைத் துணையில்லாம ரெண்டு பொம்பளைங்க படக்கொட்டகைக்குப் போனா ஈப்போ என்ன பேசும்?"

"தப்பில்லாத இங்கிலீஷில பேசினா உங்களுக்குச் சந்தோஷம்தானே?"

மச்சான் எழுந்து போய்விட்டார். வாதத்தில் நான் ஜெயித்தேன். படத்துக்குப் போகிற வழி மட்டும் திறக்கவில்லை. காலேஜில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

அக்கா வாதம் பண்ணவில்லை. வெள்ளிக்கிழமை மீன் குழம்பு வைத்தாள். மச்சான் இரண்டாம் முறை சோறு வாங்கியதும் மெதுவாக ஆரம்பித்தாள்.

"என்னங்க, தவுக்கே துணிக்கு முன்னால உட்காரக் கூடாதுன்னுதானே சொன்னாரு?"

"ஆமா. அதுக்கு?"

"பின்னால உட்காரலாமே."

மச்சானுக்குப் புரையேறியது. துணிக்குப் பின்னால் மலிவு பெஞ்சுகள் உண்டு. திரைத் துணியைத் தண்ணீர் தெளித்து நனைத்து வைத்திருப்பதால் படம் அந்தப் பக்கமும் தெரியும். இடம் வலமாக, வலம் இடமாகத் தெரியும், அவ்வளவுதான். சம்பளச் சனிக்கிழமையில் சுங்கை சிப்புட் தோட்டத்து ஆட்கள் லாரியில் வந்து அங்கேதான் உட்காருவார்கள்.

"என்னையா? அந்த பெஞ்சிலயா? நான் யாரு..." என்று தொடங்கியவர் பாதியில் நின்றார். முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. "துணிக்குப் பின்னால உட்கார்ந்தா... உடையப்பனுக்கு நம்மளைத் தெரியாது, இல்லை?"

"தெரியாதுங்க."

"தவுக்கேக்கும் தெரியாது."

"ஆமாங்க. மறைவுதானே."

"சரி" என்றார். "உனக்காக வாரேன்."

அவர் யாருக்காக வந்தார் என்பதைச் சனிக்கிழமை மத்தியானம் கொல்லைப்புறத்தில் கண்டுபிடித்தேன். பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு, "கே சைலண்ட்!" என்று கோழிகளிடம் பழகிக்கொண்டிருந்தார். கோழிகள் கலைந்து ஓடின.

உள்ளே ஓடினேன். "அக்கா! மச்சான் மறைஞ்சு நின்னு கத்தப் போறாரு. இந்தத் தடவை நம்மளை ஊரை விட்டே துரத்துவாங்க!"

அக்கா பவுடர் டப்பாவையும் கைக்கண்ணாடியையும் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். "கத்தட்டும்டி ரோசம்மா. முதல்ல படிக்கட்டும்" என்றாள். எனக்கு அப்போது விளங்கவில்லை.

துணிக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பக்கத்தில், சுங்கை சிப்புட் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிற காளியம்மா, மடி நிறைய அவித்த கச்சான் கடலை வைத்துக்கொண்டு தோலுரித்துக் கொண்டிருந்தார். எங்கள் காதுக்கு நேரே ஆர்மோனியக்காரரும் மத்தளக்காரரும். படம் ஆரம்பித்தது, மத்தளமும் ஆரம்பித்தது. துணிக்கு அந்தப் பக்கம் உடையப்பன் வாயைத் திறந்தார் என்பது துணியில் ஆடிய பிரம்பின் நிழலில்தான் தெரிந்தது. குரல் ஒரு பொட்டும் கேட்கவில்லை.

மச்சான் கவலைப்படவில்லை. குரல் எதற்கு? எழுத்தைப் பார்த்தாலே உடையப்பன் எங்கே தடுக்கி விழுவார் என்று அவருக்குத் தெரியுமே. கூம்பை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

திரையில் எழுத்து வந்தது.

கூம்பு மெதுவாக இறங்கியது. மச்சான் தலையை இடது பக்கம் சாய்த்தார். வலது பக்கம் சாய்த்தார். ஒரு கண்ணை மூடினார். குனிந்து, தோளுக்கு அடியில் பார்த்தார். எழுத்து மறைந்துவிட்டது.

காளியம்மா மரியாதையாகக் கேட்டார். "ஐயா, தொரை மாதிரி கோட்டெல்லாம் போட்டிருக்கீங்க. என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்."

"எழுத்து... திரும்பியிருக்கு."

"எங்களுக்கு எப்பவும் அப்படித்தாங்க இருக்கு" என்றார் காளியம்மா. "நீங்க படிங்க."

மச்சான் கச்சான் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அக்கா பெஞ்சில் திரும்பி, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கைக்கண்ணாடியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். தினமும் காலையில் கண்ணாடிக்குள் மச்சானுடைய பேப்பரைத் திரும்பிய எழுத்தாகப் பார்த்தவள் அல்லவா? நேராக இருப்பதைத் திருப்புகிற கண்ணாடி, திரும்பியிருப்பதை நேராக்காதா? அடுத்த எழுத்து வந்தது. காளியம்மா பக்கம் சாய்ந்து சொன்னாள்.

"முடிச்சு அவுந்துருச்சு. ஆனா கயிறு மரக்கிளையில மாட்டிக்கிச்சு. பொண்ணு பொழைச்சுக்கிட்டா!"

"மாரியாத்தா!" என்றார் காளியம்மா. "ஏ புள்ளைகளா, இங்க வாங்க! அக்கா படிக்குது!"

பெஞ்சு முழுக்க எங்கள் பக்கம் நகர்ந்தது. இடம் பற்றாமல் மச்சான் பெஞ்சின் ஓரத்துக்குப் போனார். அப்புறம் பெஞ்சே இல்லாத இடத்துக்குப் போனார்.

"அகதா! கண்ணாடியைக் கொடு."

"பொம்பளைங்க கண்ணாடிங்க. பவுடர் ஒட்டியிருக்கு. உங்க மீசைக்கு ஆகாது."

"நீ சரியாப் படிக்கிறியான்னு யாரு பார்க்கிறது?"

"நான் தமிழ்லதானே சொல்றேன்? இதுல சைலண்ட் எழுத்து ஏதுங்க?"

கூம்பு ஒரு முறை உயர்ந்தது. ஆனால் எதைத் திருத்துவது? உடையப்பன் காதில் விழவில்லை, எழுத்து கண்ணில் விழவில்லை, அக்கா தமிழில் பேசுகிறாள். காளியம்மா கையை நீட்டிக் கூம்பை வாங்கி, கச்சான் தோலைப் போட்டுக்கொண்டார்.

கடைசிக் கட்டம். முகமூடிக்காரன் பிடிபட்டான். முகமூடியைப் பிய்த்தார்கள். உள்ளே மழமழவென்று ஒரு முகம். பத்து வாரத்தில் பார்த்த முகமாகவே இல்லை! திரை நிறைய எழுத்து வந்தது. துணிக்கு முன்னால் கொட்டகையே "ஆ!" என்று எழுந்து கை தட்டியது. அக்கா கண்ணாடியைப் பார்த்தாள், வாயைப் பொத்தினாள், காளியம்மா காதில் சொன்னாள். காளியம்மா அடுத்தவள் காதில் சொன்னார். செய்தி சிரிப்பும் கூச்சலுமாகப் பெஞ்சின் கடைசி வரை போய், மச்சானுக்கு ஒரு ஆள் முன்னால் நின்றுவிட்டது.

உங்களுக்குச் சொல்ல எனக்குத் தடையில்லை: அந்தப் பெண்ணின் குடும்ப வைத்தியர்தான், பத்து வாரமும் தாடியோடு வந்தவர், அதை மழித்துக்கொண்டு வந்திருந்தார்.

"ரோசம்மா, நீயாவது சொல்லு. யாரு அவன்?"

"மதராஸ் இங்கிலீஷ்ல சொன்னா உங்களுக்குப் புரியாது மச்சான்."

"அகதா! என்ன போட்டிருந்துச்சு?"

அக்கா கண்ணாடியைப் பைக்குள் வைத்தாள். "வீட்டுக்குப் போய்ச் சொல்றேங்க."

ரிக்‌ஷா இரண்டு பிடித்தோம். வழி முழுக்கப் பின்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. "சித்தப்பனா?" ... "அந்த வக்கீலா?" ... "குதிரைக்காரனா?" எங்கள் ரிக்‌ஷா வேகமாகப் போனது. வேகமாகப் போகச் சொன்னது நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "வீட்டுக்கு வந்தாச்சு. சொல்லு."

அக்கா கொட்டாவி விட்டாள். "காலையில சொல்றேங்க."

வெளியே யாரிடமாவது கேட்கலாமே என்கிறீர்களா? எப்படிக் கேட்பார்? படம் பார்த்தீங்களாமே, எங்கே உட்கார்ந்தீங்க என்று திருப்பிக் கேட்டால்?

விடிந்தது. பூசைக்குப் போக அக்கா கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள். பின்னால் மச்சான் அன்றைய பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிவப்புப் பென்சில் காதிலேயே இருந்தது. பேப்பரில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. இருமினார். நாற்காலியை நகர்த்தினார். கடைசியில் பேப்பரை மடியில் இறக்கினார்.

"அகதா... அந்த முகமூடிக்காரன் யாருன்னுதான் சொல்லேன்."

அக்கா திரும்பவில்லை. கண்ணாடிக்குள்ளேயே அவரைப் பார்த்தாள்.

"என்னங்க, இன்னுமா அதையே நெனைச்சுக்கிட்டு இருக்கீங்க?"