மீதி ஒன்று

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் என் மூக்குக்கண்ணாடியும் நலம். அங்கே மாப்பிள்ளை, சம்பந்தியம்மா, பேரன், பேத்தி, நீ, ஐவரும் நலமாக இருக்க வேண்டும்.

அம்மா போன பிறகு நான் தனியாக இருக்க வேண்டாம், உங்களோடு வந்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதே கடிதத்தின் ஓரத்தில் மாப்பிள்ளை, கணக்கு வாத்தியார் அல்லவா, என் புதிய போன் எண்ணை வாழ்த்தியிருந்தார். 15485863 ஒரு பகா எண்ணாம். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாதாம். வாழ்த்தா அது? பார்த்துவிடுவோம் என்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நானும் அம்மாவும் என்று இரண்டால் வகுத்தேன், மீதி ஒன்று. உன் சின்ன வயசில் மூவராக இருந்தோமே என்று மூன்றால் வகுத்தேன்; மீதி ஒன்று. பால் பொங்கி அடுப்பு அணைந்தது. உங்கள் ஐவரோடு என்னையும் சேர்த்து ஆறால் வகுத்தேன், மீதி ஒன்று. தாள் தீர்ந்துபோய்ச் சுவரில் வகுக்க ஆரம்பித்தேன், வீட்டுக்காரர் வந்து, "என்ன சார் இது, பெயின்ட் அடிச்சு ஒரு மாசம்கூட ஆகல!" என்று கத்தினார். மனசு கேட்காமல் அம்மாவையும் சேர்த்து ஏழால் வகுத்தேன். அப்போதும் மீதி ஒன்று. யாரோடு சேர்த்தாலும் ஒட்டாமல் நிற்கிற அந்த ஒன்று நான்தான், கண்ணு.

போதாக்குறைக்கு, இந்த எண்ணை எழுதி அனுப்பிய நாளிலிருந்து நீ ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. நானாகக் கூப்பிடலாம், ஆனால் பெற்றவன் எதற்கு முதலில் கூப்பிட வேண்டும்? ஆகவே நான் வரவில்லை. வருத்தமெல்லாம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். பேத்திக்கு அந்த ஆடுகிற பல் விழுந்ததா என்று எழுது.

இப்படிக்கு,
வகுபடாத உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கீழ்வீட்டுத் தையல்காரர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"சார், உங்க பொண்ணு என் போனுக்குக் கூப்பிட்டாங்க. இத்தனை நாளா வேற யாரோ ஒருத்தர்கிட்ட 'அப்பா, சாப்டீங்களா'ன்னு கேட்டுட்டு இருந்திருக்காங்க. அவரும் 'சாப்ட்டேன்மா'ன்னு சொல்லியிருக்காரு, இன்னிக்குத்தான் ராங் நம்பர்னு ஒத்துக்கிட்டாராம். சளி புடிச்ச குரல்னு நெனச்சாங்களாம்!"

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, போனின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். கடைசி இலக்கம் எட்டு. இடப் பக்கம் மை அழிந்து மூன்றாக நின்றிருக்கிறது. என் எண் 15485868. இரண்டால் போகிறது, மூன்றால் போகிறது. ஆறால் வகுத்தேன், மீதியே இல்லை. அம்மாவையும் சேர்த்து ஏழால் வகுத்தேன், மீதி ஆறு. அவள் போய், நாம் ஆறு பேர் மிச்சம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அந்தப் பகா எண் அந்த மனிதருடையது. அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிடாதே.