மலையண்ணை ஏறாத மலை

ஆக்லாந்தில் தமிழ் பேசும் எவரும் மலையண்ணையிடமிருந்து தப்பியதில்லை. தப்பியதாகச் சொல்கிறவர் அன்று ஊரில் இருந்திருக்க மாட்டார்.

யாழ்ப்பாணத்துக்காரர். அசல் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டுக்கு மட்டும் தெரியும். மவுண்ட் வெல்லிங்டன் என்ற புறநகரில் ஒரு கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அவர் வீட்டில் ஓர் அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். தெற்கே, புல்லும் சதுப்பும் தவிர வேறெதுவும் இல்லாத மேட்டுவெளியில் ஒற்றையாக நிற்கும் ஒரு மலைமீது அவருக்குப் பித்து. கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால் தொலைந்தோம். சோற்றைக் குவித்து மலையாக்கி, சுற்றிலும் சாம்பார் ஊற்றிச் சதுப்பாக்கி, விரலால் வழி கிழிப்பார்.

"இஞ்ச பாரும். வடக்கால போனா காத்து தள்ளும். மேற்கால போனா இடுப்பளவு சேறு. கிழக்காலதான் சரியான பாதை."

"உச்சியில என்னண்ணே இருக்கு?"

"ஆருக்குத் தெரியும்? நான் இன்னும் போகேல்லையே."

வடக்கிலும் மேற்கிலும் முயன்று திரும்பியவர். தெற்குப் பக்கமாகப் போனபோது, மேகத்துக்குள் ஏதோ ஒரு மேட்டை உச்சி என்று நம்பி ஏறி, விதவிதமாகப் படமெடுத்து முடித்தபோது மேகம் விலகியது. மலை எதிரே நின்றது.

போன கோடையில் கிழக்குப் பாதைக்கு என்னை இழுத்துப் போனார். மழைக்கோட்டுக்குள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சிவப்பு டை. உச்சிப் படத்துக்காம்.

உச்சிக்குச் சற்றுக் கீழே, புல் என்று நம்பி நான் வைத்த கால் தொடைவரை சேற்றில் இறங்கியது. அண்ணை இழுத்தார். கால் வந்தது, ஷூ வரவில்லை. கணுக்கால் பிசகியிருந்தது.

அந்த நேரம் பார்த்து வானம் வெளுத்தது. உச்சி கூப்பிடு தூரத்தில் தெரிந்தது.

"நீங்க போயிட்டு வாங்கண்ணே. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

அவர் உச்சியைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். டையைக் கழற்றி என் கணுக்காலில் இறுக்கிக் கட்டினார்.

"மலை எங்க ஓடப் போகுது? எழும்பும்."

பாதி வழி முதுகில் சுமந்தார். முழு வழியும் திட்டினார். "இட்லி திண்டு ஒரு மனுசன் இவ்வளவு பாரம் வருவானே?"

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்னண்ணே, இந்தத் தடவையாவது ஏறிட்டீங்களா?"

"எங்க. எனக்கு முழங்கால் ஏலாமப் போச்சு. தம்பிதான் என்னைச் சுமந்து இறக்கினவர்."

ஒருவர் என் கட்டுப்போட்ட காலைக் காட்டினார். "அப்போ இது?"

"என்னைச் சுமந்ததில வந்த வீக்கம்."

எனக்காக இப்படிப் பொய் சொல்ல என் கூடப்பிறந்த அண்ணனுக்குக்கூடத் தோன்றியிருக்காது.