வடிவு டீச்சர் கொடுத்த அவதாரங்கள்

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. கூரை கிடையாது, வைஃபை உண்டு. பள்ளி நேரத்தில் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது அங்கே சட்டம். மணி அடித்த பிறகு அவரவர் கால், அவரவர் ஓட்டம்.

அங்கே வடிவு என்ற புள்ளிமான் டீச்சராக இருந்தாள். நல்லவள், பயந்த சுபாவம். அதிகாரி என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குக் காது விறைத்துக்கொள்ளும்.

ஒருநாள் கல்வி அதிகாரி நல்லமுத்து வந்தார். அவர் நரி.

"டீச்சர், இனிமேல் ஒவ்வொரு பிள்ளையும் வகுப்பு வலைப்பூவில் எழுத வேண்டும். படம், வீடு எங்கே, அம்மா எப்போது வெளியே போவாள், எல்லாம் வர வேண்டும். நானே உட்கார்ந்து வாசிப்பேன்."

"அம்மா வெளியே போற நேரம் எதுக்கு சார்?"

"மொழி வளத்துக்கு" என்றார் நல்லமுத்து, உதட்டை நக்கிக்கொண்டு.

வடிவுக்கு அன்று புல் இறங்கவில்லை. மாட்டேன் என்றால் வேலை போகும், சரி என்றால் பிள்ளைகள் போகும். விடியும்போதுதான் உறைத்தது. அவர் படம் என்றுதான் சொன்னார். நிஜப் படம் என்று சொல்லவில்லை.

"பிள்ளைகளா," என்றாள் வகுப்பில், "இணையத்துல சொந்த முகத்தைக் காட்டக் கூடாது, சொந்தப் பெயரும் கூடாது. பெருமாளே காரியம் ஆகணும்னா மீனாவும் பன்றியாவும் போனார். நீங்களும் ஆளுக்கு ஒரு அவதாரம் எடுங்க."

முயல்குட்டி பொம்மி துள்ளி வந்தாள். "எனக்குக் கொம்பு வையுங்க டீச்சர். தந்தமும் வையுங்க."

வடிவு குளம்பால் டேப்லெட்டைத் தட்டித் தட்டி இரண்டையும் வைத்தாள். ஆட்டுக்குட்டி சிறுத்தையாயிற்று. அணில் முதலையாயிற்று. கடைசியில் புலிக்குட்டி செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றான்.

"உனக்கு என்னடா வேணும்?"

"முயல், டீச்சர். வெள்ளை முயல். அப்பவாவது யாராச்சும் விளையாட வருவாங்கல்ல?"

வடிவுக்குக் கண் கலங்கிவிட்டது. காதுக்குள் ரோஸ் நிறம் தீட்டி, மூக்கில் ஈரம் காட்டி, அசல் முயலாகவே செய்துகொடுத்தாள். அவன் 'பஞ்சு' என்று பெயர் வைத்துக்கொண்டு எழுதினான்: 'எங்கள் வீடு கரும்பாறைக்குப் பின்னால் இருக்கும் குகை. அம்மா சாயங்காலம் போய்விடுவாள். நான் தனியாக இருப்பேன். யாராவது வந்தால் சந்தோஷம்.'

கொம்பும் தந்தமும் பல்லுமாக இருந்த பதிவுகளை நல்லமுத்து அவசரமாகத் தாண்டிப் போனார். பஞ்சுவின் பதிவைத் திரும்பத் திரும்ப வாசித்தார். கீழே கருத்தும் போட்டார்: 'அருமையான நடை. நேரில் பாராட்ட வருகிறேன்.'

அதைப் பார்த்ததும் வடிவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஃபோனை எடுத்து, 'சார், அது முயல் இல்லை' என்று தட்டினாள். அனுப்பப் போகும்போது பொம்மி கண்ணில் பட்டாள். கேரட்டை வாய் நிறைய வைத்துக்கொண்டு சிரித்தாள். வடிவு தட்டியதை அழித்தாள். மாணவரின் சொந்த விவரத்தை வெளியே சொல்லக் கூடாது, அதுவும் விதிதானே?

சாயங்காலம் நல்லமுத்து புதுச்சட்டை போட்டுக்கொண்டு குகைக்குப் போனார். மழை தூறிக்கொண்டிருந்ததால் செங்கோடனின் அம்மா அன்று வெளியே போகவில்லை.

மறுநாள் பள்ளி வாசலில் புலியம்மா வந்து நின்றாள். வடிவு இரண்டடி பின்வாங்கினாள்.

"என் பையனுக்கு முயல் முகம் போட்டது நீங்கதானா?"

"மன்னிச்சிருங்கம்மா, அவன்தான் ஆசைப்பட்டு..."

"எதுக்கு மன்னிப்பு? படிப்புன்னா இதுல்ல படிப்பு! நான் நாள் பூரா ஓடியும் கிடைக்காதது, வீடு தேடி வருது."

அம்மாவின் பின்னாலிருந்து செங்கோடன் எட்டிப் பார்த்தான். "ஒருத்தர் விளையாட வந்தாரு டீச்சர். ஆனா ரொம்ப நேரம் இருக்கலை."

"வீட்டுல சின்னவ ஒருத்தி இருக்கா," என்றாள் புலியம்மா. "அவளையும் சேர்த்துக்குங்க. ஆட்டுக்குட்டி முகம் போடுங்க. ஆமா, அடுத்த அதிகாரி யாரு?"

"ஓநாயாம்."

"நல்ல சதைப்பிடிப்பா இருப்பாரா?"

வடிவு டேப்லெட்டைத் திறந்து, ஆட்டுக்குட்டியைத் தேர்ந்தெடுத்து, நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி வைத்தாள். கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கே பிடித்திருந்தது.

"கழுத்துல மணி வேணுமாம்மா?"

"வேணும். லேசா நொண்டுற மாதிரியும் போட முடியுமா?"

"முடியும்" என்றாள் வடிவு டீச்சர்.

நீதி: இணையத்தில் யாரையும் நம்பக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அதிகாரிகளுக்குச் சொல்லிவிடாதீர்கள்.